புறம்போக்கு நிலம் எப்படிக் கைமாறுகிறது?



"அது புறம்போக்குதானே, அதை யார் விற்க முடியும்?" இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் பெரியவர்கள் இப்படித்தான் முடிப்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. தனி ஆள் விற்க முடியாது. ஆனால் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் பொது நிலத்தைப் பிறருக்குக் கொடுக்கலாம், கொடுத்துக்கொண்டும் இருக்கின்றன. சில இடங்களில் கிரயமாக, சில இடங்களில் குத்தகையாக, சில இடங்களில் மாற்று நிலத்துக்குப் பதிலாக, இன்னும் சில இடங்களில் "நீங்கள் கட்டுங்கள், எங்களுக்கு இவ்வளவு பங்கு" என்ற ஒப்பந்தமாக.

கிழக்குக் கடற்கரைச் சாலை நான்கு வழிச் சாலையாகிறது. திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா வந்திருக்கிறது. ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசும் பழக்கம் பிரம்மதேசம் பக்கமும் வந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறும்போது முதலில் ஆட்டம் காண்பது பட்டா நிலம் அல்ல, யாருடையது என்று யாரும் கேட்காமல் கிடந்த பொது நிலம்தான். அதனால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். விற்பனை நடக்கும் நாளில் போய் நின்றால் பெரும்பாலும் எதையும் தடுக்க முடியாது. பல மாதங்களுக்கு முன்பே, சில சமயம் பல வருடங்களுக்கு முன்பே, பதிவேட்டின் ஒரு கலத்தில் எழுதப்படும் ஒரு சொல்லில் அந்த நிலத்தின் கதி முடிவாகிவிடுகிறது.

தாராவியில் நடப்பது

இதற்குப் பெரிய உதாரணம் மும்பையின் தாராவி. அது நமக்கு அந்நியமான இடம் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம்கள்தான் அங்கே தோல் பதனிடும் தொழிலை வேரூன்ற வைத்தவர்களில் முக்கியமானவர்கள். அங்குள்ள பெரிய மசூதி 1887-இல் கட்டப்பட்டது. அந்த ஜமாஅத்தில் இன்றும் தமிழ் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

தாராவி ஏறத்தாழ 600 ஏக்கர். அதில் பெரும்பகுதி மும்பை மாநகராட்சியின் நிலம். மீதி ரயில்வே, மாநில அரசு, தனியார் வசம் இருக்கிறது. மக்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக வீடு கட்டி, தொழில் செய்து, தொழுகைக்கும் மதரஸாவுக்கும் இடம் ஒதுக்கி வாழ்ந்துவிட்டார்கள். ஆனால் தரை மட்டும் பொது நிலமாகவே இருந்தது. அந்தத் தரையை மறுசீரமைக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004-இல் எடுத்தது. பல முறை டெண்டர் விட்டும் நகரவில்லை. 2019-இல் துபாய் ஆதரவுள்ள செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாய் கேட்டு முதலிடத்தில் வந்தது. ரயில்வே நிலம் பின்னால் சேர்க்கப்பட்டதைக் காரணம் காட்டி 2020-இல் அந்த டெண்டர் ரத்தானது. 2022-இல் விதிகளை மாற்றி மறுபடியும் டெண்டர் விட்டார்கள். அதில் அதானி நிறுவனம் 5,069 கோடிக்கும் டி.எல்.எஃப். 2,025 கோடிக்கும் கேட்டன, அதானிக்குக் கிடைத்தது. செக்லிங்க் தொடுத்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-இல் தள்ளுபடி செய்தது. இப்போது அதானி தரப்புக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள ஒரு கூட்டு நிறுவனம் வேலையைச் செய்கிறது.

இந்தக் கோடிக்கணக்கு நிலத்தின் கிரய விலை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஏலம் கேட்டவர் முதலில் போட ஒப்புக்கொண்ட முதலீடு. குடியிருப்பவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் கட்டட உரிமையை விற்று அவர் லாபம் பார்க்கலாம். பொது நிலத்தை "விற்பது" என்றால் பெரிய நகரங்களில் இன்று பெரும்பாலும் இதுதான் அர்த்தம். பத்திரத்தில் நிலம் விற்கப்படுவதில்லை, அதன் மேல் எவ்வளவு கட்டலாம் என்ற உரிமை கைமாறுகிறது.

குடியிருப்பவர்களின் நிலை என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததாகக் காகிதம் காட்டுபவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். அவர்களில் சிலர் பணம் கட்டி வீடு பெறலாம், சிலருக்கு வாடகை வீடுதான். ஒரே குடும்பத்தில் கீழ்வீட்டில் வாப்பா, மேல்வீட்டில் மகன் என்று இருந்தால், வாப்பா உள்ளே, மகன் வெளியே. யார் எத்தனை வருடம் அந்த மண்ணில் உழைத்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை, எந்தத் தேதியிட்ட காகிதம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

வெளியே போகிறவர்களுக்கு வீடு கட்ட நிலம் எங்கே? இங்கேதான் நம் கரைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் மத்திய அரசுக்குச் சொந்தமான 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை இதற்காக மாநில அரசுக்கு மாற்ற 2024-இல் முடிவெடுத்தார்கள். உப்பளம் என்றால் காலி இடம் என்று நகரத்தார் நினைப்பு. மழைக்காலத்தில் நீரை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலம் அது என்பதை மரக்காணத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் இருக்கிறது. அதில் மத்திய அரசின் நிலமும் உண்டு, மாநில அரசின் நிலமும் உண்டு. உப்பு எடுப்பவர்கள் நிலத்துக்கு உரிமையாளர்கள் அல்லர், குத்தகைதாரர்கள். அங்கே கூலிக்குப் போகும் ஆண் பெண்களுக்கு அந்தக் குத்தகைக் காகிதமும் கிடையாது. மும்பையில் நடந்தது இங்கும் நடக்கப்போகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது, அதில் பிழைப்பவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை இப்போதே கேட்டு வைப்பது நல்லது என்கிறோம்.

நம் ஊரில் யாருக்கு என்ன அதிகாரம்

பிரம்மதேசம் மரக்காணம் ஒன்றியத்தில் உள்ள கிராம ஊராட்சி. ஊராட்சித் தலைவர் நினைத்தால் புறம்போக்கை விற்றுவிடலாம் என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் அதை நம்பி முன்பணமும் கொடுக்கிறார்கள். இரண்டுமே தவறு. புறம்போக்கு நிலத்தின் உரிமை அரசுடையது. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாடு கட்டும் இடம், வண்டி நிறுத்தும் இடம், தோப்பு போன்றவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. பராமரிக்கலாம், ஒழுங்குபடுத்தலாம், கிரயம் செய்ய முடியாது. பேரூராட்சியும் நகராட்சியும் தங்கள் பெயரிலேயே சொத்து வைத்திருக்கின்றன. அவையும் மன்றத் தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டு அசையாச் சொத்தை விற்றுவிட முடியாது, மேலிட அனுமதி வேண்டும்.

அரசு நிலம் ஒருவருக்குப் போகும் பாதை வருவாய் நிலையாணைகளில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஏழைகளுக்கு வீட்டுமனை, விவசாய நிலம் கொடுப்பது ஒப்படை. நிறுவனத்துக்கோ துறைக்கோ உரிமையோடு கொடுப்பது நில உரிமை மாற்றம். குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பது குத்தகை. எதுவானாலும் கோப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் என்று மேலே ஏறும். நிலத்தின் மதிப்பும் வகையும் பெரிதாக இருந்தால் சென்னையில் நில நிர்வாக ஆணையர் வரைக்கும், அரசு வரைக்கும் போகும்.

இந்தப் பாதையில் நம் கைக்கு எட்டும் ஒரே படி ஏ-1 நோட்டீஸ். இந்த சர்வே எண்ணில் உள்ள இந்த நிலத்தை இன்னாருக்கு, இந்த நோக்கத்துக்குக் கொடுக்க உத்தேசம், ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் தெரிவிக்கவும் என்று கிராமத்தில் விளம்பரம் செய்ய வேண்டும். தண்டோரா போட்டார்கள், சாவடியில் ஒட்டினார்கள் என்று கோப்பில் இருக்கும். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரியின் மேல்தான் பிறகு எல்லாம் கட்டப்படுகிறது. ஊரில் பலர் அந்த நோட்டீஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதுதான் நிஜம். ஒட்டப்பட்ட தாள் மறுநாள் காற்றில் போயிருக்கும், அல்லது அதில் சர்வே எண் மட்டும் இருந்து, அது நம் ஆடு மேயும் இடம்தான் என்று யாருக்கும் புரிந்திருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு, அது இன்னும் ஓசையில்லாதது. மேய்க்கால், ஓடை, பாதை, இடுகாடு என்று வகைப்படுத்தப்பட்ட நிலத்தை அப்படியே கொடுக்க முடியாது. முதலில் அதன் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். "இந்த மேய்க்காலில் இப்போது கால்நடை மேய்வதில்லை", "இந்த ஓடையில் நீரோட்டம் இல்லை" என்று ஓர் அறிக்கை வரும். மேய்ச்சல் புறம்போக்கு என்ற சொல் போய்த் தரிசு என்ற சொல் வரும். தரிசு என்று ஆகிவிட்ட பிறகு ஆட்சேபிப்பவருக்கு வாதாட அடித்தளமே இல்லை. "நீரோட்டம் இல்லை" என்று எழுதப்பட்ட ஓடைகளில் எத்தனை, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தங்கள் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தன என்பதை விழுப்புரம் மாவட்டம் பார்த்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் அரை மீட்டர் மழை.

விலை யார் கணக்குப்படி

நிலம் கொடுக்கப்படும் விலையைப் பற்றியும் கொஞ்சம். பதிவுத்துறை வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, பக்கத்தில் நடந்த கிரயங்கள் காட்டும் சந்தை மதிப்பு இன்னொன்று. இரண்டையும் பார்த்து அதிகாரிகள் மதிப்புப் போடுவார்கள். இதில் பெரிய ஓட்டை, நிலத்தை எந்த நிலையில் மதிப்பிடுகிறார்கள் என்பது.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 2 ஏக்கர், அதாவது 200 சென்ட் தரிசு, சென்ட் 10,000 ரூபாய் என்று மதிப்பிட்டால் 20 லட்சம். வாங்கியவர் அதை மனைப்பிரிவாக்குகிறார். சாலைக்கும் பூங்காவுக்கும் போக 120 சென்ட் மனையாகிறது. சென்ட் ஒரு லட்சத்துக்கு விற்றால் 1 கோடியே 20 லட்சம். ரோடு போட்ட செலவு போனாலும் இடையில் ஏறிய மதிப்பு பெரிது. அந்த ஏற்றம் அவருடைய உழைப்பால் வந்ததல்ல, ஓர் அனுமதிக் காகிதத்தால் வந்தது. அந்த அனுமதியைக் கொடுத்தது நம் அரசு. அப்படியானால் அந்த ஏற்றத்தில் ஊருக்குப் பங்கு வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. பொது ஏலமா, தனிப்பட்ட ஒதுக்கீடா என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான். பொதுச் சொத்தை விளம்பரமில்லாமல், போட்டியில்லாமல் ஒருவர் விண்ணப்பத்தின் பேரில் தூக்கிக் கொடுப்பது அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் சிங்கப்பூரில் அரசு, நிலத்தைப் பெரும்பாலும் 99 வருடக் குத்தகைக்குத்தான் டெண்டர் விடுகிறது. எந்த நிறுவனம் எவ்வளவு கேட்டது என்பதை வெளியிடுகிறது. காலம் முடிந்தால் நிலம் திரும்பி வரும். அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் காலத்தில் மறுபடியும் முடிவெடுக்க வழி வைத்திருப்பது நல்ல யோசனை. கிரயம் என்பது ஒரு தடவையோடு முடிந்துவிடுவது.

விற்றதைத் திருப்பிய இரண்டு ஊர்கள்

லக்னோவின் அமீனாபாத், முஸ்லிம்கள் நிறைந்த பழைய கடைவீதி. அதன் நடுவில் ஜண்டேவாலா பூங்கா. 1993-இல் லக்னோ மாநகராட்சி அந்தப் பூங்காவின் அடியில் நிலத்தடிக் கடைவளாகம் கட்ட ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்தோடு டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் போட்டது. நெரிசலைக் குறைப்போம், மேலே பூங்கா இருக்கத்தான் போகிறது என்று காரணம் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் 1994-இல் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போவதற்குள் கட்டடம் பெரும்பாலும் எழும்பிவிட்டது. இவ்வளவு பணம் செலவாகிவிட்டதே, இனி இடிப்பதா என்பதுதான் நிறுவனத்தின் வாதம். 1999 ஜூலை 26-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூங்காவை மாநகராட்சி மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அதைத் தன் இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது என்று சொல்லி, கட்டியதை அகற்றிப் பூங்காவாக்கித் தர உத்தரவிட்டது. நம் மார்க்கத்தில் அமானிதம் என்று எதைச் சொல்கிறோமோ, கிட்டத்தட்ட அதே கருத்து.

இன்னொன்று கடல் கடந்தது. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரின் நகர மன்றம் 2017-இல் விளையாட்டுத் திடலின் ஒரு பகுதியை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றது. அந்த நாட்டுச் சட்டப்படி பொதுத்திடலை விற்பதானால் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் செய்ய வேண்டும். மன்றம் செய்யவில்லை. அது பொதுத்திடல் என்ற பழைய பதிவையே அவர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 2023 மார்ச் 1-இல் வந்த தீர்ப்பு: விளம்பரம் செய்யாததால் மக்களின் விளையாட்டு உரிமை அந்த நிலத்தின் மேல் அப்படியே இருக்கிறது, நிலம் கைமாறினாலும் உரிமை போகவில்லை.

லக்னோவில் ஆறு வருடம், ஷ்ரூஸ்பரியிலும் அதே அளவு. வக்கீல் செலவு, அலைச்சல், மன உளைச்சல். விற்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

புதிய சட்டம் ஒன்று

2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டமன்றத்தில் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் நிறைவேறியது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்தின் நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற அரசு நிலம் குறுக்கிட்டால், அதைத் திட்டத்தோடு சேர்த்து, பதிலுக்கு நிலம் பெற்றுக்கொள்ள இது வழி செய்கிறது. நிபுணர் குழுவும் மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. விவசாயிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். ஓர் ஏரிக்குப் பதில் அதே பரப்பில் மேட்டு நிலம் கொடுத்தால் அது ஏரியாகிவிடாது என்ற எளிய நியாயத்தில் நாங்களும் அவர்கள் பக்கம். கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அரசு 2021-இல் அறிவித்தது நம் பகுதிக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் சரணாலயத்துக்கு நீர் கொண்டு வரும் சின்ன ஓடைகள் எல்லாம் அந்த எல்லைக்குள் இல்லை.

கபர்ஸ்தான்

நம் சமுதாயத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். பல கிராமங்களில் கபர்ஸ்தான் இருக்கும் இடம் வக்ஃபு செய்யப்பட்டது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். ‘அ’ பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் ‘அரசு புறம்போக்கு - இடுகாடு’ என்று இருக்கும். சில இடங்களில் ‘புறம்போக்கு’ என்பதோடு நின்றிருக்கும். இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

வக்ஃபாகப் பதிவானதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. புறம்போக்கு இடுகாடு என்று இருந்தால் அது வக்ஃபு அல்ல, ஆனால் அதன் பயன்பாடு பதிவில் இருக்கிறது. வகை மாற்றாமல் யாருக்கும் கொடுக்க முடியாது. வெறும் புறம்போக்கு என்று இருந்தால்தான் ஆபத்து. நூறு வருடமாக ஜனாஸா அடக்கம் செய்திருந்தாலும் காகிதத்தில் அது காலி நிலம்.

2025-இல் வந்த வக்ஃபு திருத்தச் சட்டம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. வக்ஃபு என்று சொல்லப்படும் இடம் அரசு நிலமா என்று கலெக்டருக்கு மேற்பட்ட ஓர் அதிகாரி விசாரிப்பார், விசாரணை முடியும் வரை அது வக்ஃபாகக் கருதப்படாது என்று அதில் இருந்தது. 2025 செப்டம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. தீர்ப்பாயம் உரிமையை முடிவு செய்யும் வரை வக்ஃபு நிர்வாகத்தை வெளியேற்றவும் கூடாது, பதிவேட்டை மாற்றவும் கூடாது, அந்த நேரத்தில் மூன்றாம் நபருக்கு உரிமை ஏற்படுத்தவும் கூடாது என்றது. ஆனால் புழக்கத்தால் வக்ஃபு என்ற வகை இனிப் புதிதாகக் கிடையாது என்ற பகுதியை நிறுத்தவில்லை.

எங்கள் கருத்து இது. வக்ஃபு ஆவணம் கையில் இருந்தால் உமீத் இணையதளத்தில் ஏற்றப்பட்டதா என்று முத்தவல்லிகள் உறுதி செய்ய வேண்டும். ஆவணம் இல்லாத இடத்தை வக்ஃபு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதைவிட, அரசு புறம்போக்காகவே இருக்கட்டும், குறிப்புக் கலத்தில் ‘முஸ்லிம்கள் இடுகாடு’ என்று ஏறட்டும் என்று மனுக் கொடுப்பது நடைமுறையில் பலன் தரும். உரிமை அரசுக்கு, அடக்கம் செய்யும் பயன்பாடு நமக்கு. இது தோல்வி அல்ல. அண்டை சமூகத்தார் சுடுகாடும் அப்படித்தான் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இரண்டு இடமும் பாதுகாப்பாகும்.

நம் பக்கத்திலும் தவறு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாகச் சேர்த்துக்கொள்வதற்கு உள்ள எச்சரிக்கையை ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டு வந்து, பாதைப் புறம்போக்கில் வாசல் படியை இரண்டடி தள்ளிப் போடுபவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கிராமப் பொது நிலங்களைப் பற்றி 2011 ஜனவரி 28-இல் வந்த ஜக்பால் சிங் வழக்கின் தீர்ப்பில், பாட்டியாலா மாவட்டக் குளம் ஒன்றை ஆக்கிரமித்தவர்கள் நீண்ட காலமாக இருந்ததையும் நிறைய செலவு செய்ததையும் உச்ச நீதிமன்றம் காரணமாக ஏற்கவில்லை. எல்லா மாநிலங்களும் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கச் சொன்னது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசே கொடுத்த நிலங்கள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு கிடைக்கலாம் என்று இடம் வைத்தது.

புறம்போக்கில் குடியிருப்பவர்கள்

நம் குடும்பங்களிலும் பட்டா இல்லாத வீட்டில் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாங்கள் இருப்பது ஆட்சேபணையற்ற புறம்போக்கா, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கா என்பது. நீர்நிலை, பாதை, மேய்க்கால், இடுகாடு ஆட்சேபணைக்குரியவை. அங்கே பட்டா எதிர்பார்த்து ஏஜெண்டிடம் பணம் கொடுப்பது வீண். மாற்று இடம் கேட்டு மனுப் போடுவதுதான் வழி. ஆட்சேபணையற்றதாக இருந்தால் வீட்டுமனைப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

பி-மெமோவைப் பலர் அபராதச் சீட்டு என்று வெட்கப்பட்டுக் கிழித்துப் போடுகிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்திலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சி அது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது, பழைய குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். தாராவியில் குடும்பங்களை உள்ளே வெளியே என்று பிரித்தது இந்த மாதிரிக் காகிதங்கள்தான். அதோடு, 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுக்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது. நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

மனை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உள்ளாட்சிக்குப் புதிதாகக் கிடைக்கும் பொது நிலம் இதுதான். வரைபடத்தில் பச்சையாக இருக்கும் அந்த இடம் ஐந்தாறு வருடம் கழித்து ‘கார்னர் மனை’யாக உங்களிடமே விலைக்கு வரலாம். அசல் வரைபடத்தைக் கேளுங்கள். அரசு, உள்ளாட்சி, அறநிலையத்துறை, பூதான, வக்ஃபு நிலங்களை உரிய அனுமதியின்றிக் கிரயம் பதிவு செய்யக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. "பதிவு ஆகாது, பவர் மட்டும் எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது

வருடத்துக்கு ஒருமுறை மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும் நாள் அது. மஹல்லாவிலிருந்து இரண்டு பேர் போய், கபர்ஸ்தான், பள்ளிவாசலுக்குப் போகும் பாதை, ஊர்ப் பொதுக்களம், ஓடை ஆகியவற்றின் சர்வே எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அ’ பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதி வாருங்கள். அரசின் இணையச் சேவையிலும் சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் பொது நிலங்களை சர்வே எண்ணோடு பட்டியலிட்டு, இவற்றின் வகைப்பாட்டை மாற்றும் எந்த முயற்சிக்கும் முன் கிராம சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கேட்கலாம். தீர்மானம் மட்டும் நிலத்தைக் காப்பாற்றிவிடாது. ஆனால் "யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்ற வரியைக் கோப்பில் எழுத முடியாமல் செய்துவிடும். பெண்கள் கிராம சபைக்குப் போவதில் நம்மில் தயக்கம் இருக்கிறது. தண்ணீர், பாதை, ஆடு மேய்ச்சல் எல்லாவற்றையும் நாள்தோறும் அறிந்தவர்கள் அவர்கள்தான். குடும்பத்தோடு போங்கள்.

ஏதாவது நிலத்தைப் பற்றிக் காதில் விழுந்தால், தகவல் உரிமைச் சட்டப்படி தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மனுவில் வருத்தத்தை எழுதாதீர்கள். இந்த சர்வே எண்ணின் வகைப்பாடு கடைசியாக எந்தத் தேதியில், எந்த உத்தரவால் மாற்றப்பட்டது, ஏ-1 நோட்டீஸ் எந்த நாளில் எங்கே விளம்பரம் செய்யப்பட்டது, அதன் நகல் தரவும் என்று மட்டும் கேளுங்கள். பதிலில் வரும் தேதிகளைப் பார்த்துக்கொண்டு, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சேபணை மனு கொடுத்து, ரசீதை மறக்காமல் வாங்கி வாருங்கள்.

மனு எழுதத் தெரியாதவர்கள் சர்வே எண்ணையும் கையில் இருக்கும் காகிதங்களின் நகலையும் கொண்டு வந்தால், இன்ஷா அல்லாஹ், நம் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அசல் காகிதங்களை யாரிடமும், எங்களிடமும்கூட, விட்டுச் செல்ல வேண்டாம்.